தேயவென்றே வைத்த உறுப்பு

பாய்விரித்துச் செல்லும் படகொன்றிலே, காற்று ஓய்ந்த வேளையிலும் துறையின் குறுகிய வாயிலுக்குள் நுழையும் வேளையிலும் உதவும்பொருட்டு ஓர் எஞ்சினைப் பொருத்தி வைத்தால், அந்த எஞ்சினிலிருந்து படகின் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் நீளும் உலோகத் தண்டும், அதன் முனையிலே சுழலும் விசிறியும் எல்லார் கண்ணுக்கும் புலப்படும்; ஆனால் அந்தத் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்திலே, சுழலும் பொருளுக்கும் சுழலாப் பொருளுக்கும் நடுவே, ஒரு சாண் நீளங்கூட இல்லாத குழாய்த் துண்டொன்று ஒளிந்திருப்பதை, அது தேய்ந்துபோய்ப் படகு முழுவதும் நடுங்கத் தொடங்கும் நாள்வரையில் ஒருவரும் நினைப்பதில்லை. கடற்கரைப் பட்டறைகளிலே அதனைப் புஷ் என்பார்கள். வெளியே பித்தளை உறை. உள்ளே, நெடுக வரிவரியாகப் பள்ளம் விட்ட ரப்பர். அப்பள்ளங்களின் வழியே கடல்நீர் ஓடித் தண்டை ஓயாமல் நனைத்துக்கொண்டிருக்கும். ஓர் அங்குலப் பருமனுள்ள தண்டுக்கு நாலங்குல நீளமுள்ள புஷ் வைப்பது வழக்கம்.

தண்டைவிட மெல்லிய பொருளால் இது அமைந்திருப்பது சிக்கனத்தினால் அன்று. இரண்டு பொருள்கள் உரசும் இடத்திலே ஏதாவதொன்று தேய்ந்தே தீரும் என்னும் நியதியை முதலில் ஒப்புக்கொண்டு, தேய்வது எதுவாக இருக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, அருமையாகக் கிடைப்பதைக் காப்பதற்காக எளிதில் மாற்றத்தக்க ஒன்றை அதன் பக்கத்திலே நிறுத்தி வைத்திருக்கிறது மனித புத்தி. இந்த விவேகம் ஒரே நாளில் வந்ததன்று. நீராவிக் கப்பல்களில் விசிறி புகுந்த ஆரம்ப காலத்தில் தண்டையும் அதனைத் தாங்கும் இடத்தையும் உலோகத்தினாலேயே அமைத்தார்கள். வன்மைக்கு வன்மையே துணை என்று எண்ணினார்கள் போலும். உலோகமும் உலோகமும் நீருக்குள்ளே ஒன்றையொன்று தின்று தீர்த்தன. இங்கிலாந்தில் ஜான் பென் என்னும் பொறியியலாளர், மேற்கிந்தியத் தீவுகளில் விளையும் லிக்னம் வைட்டே என்னும் மரத்தை, நீரில் இட்டால் மிதவாமல் மூழ்கிவிடும் அத்துணைக் கனமும் இயல்பாகவே ஒரு பிசினும் உடைய அந்த மரத்தை, சட்டங்களாக அறுத்துத் தண்டைச் சுற்றி வைத்து, 1854 ஆம் ஆண்டிலே அம்முறைக்கு உரிமை பெற்றார். ஆவி யுகத்தின் மாபெருங் கப்பல்கள் எல்லாம் கடைசியில் ஒரு மரத்துண்டின் மேல் சுழன்றன. நூறாண்டு கழிந்து 1954 இல் கடலில் இறக்கப்பட்ட, அணுசக்தியால் இயங்கும் முதல் நீர்மூழ்கியான நாட்டிலசிலும் அம்மரமே தண்டைத் தாங்கிற்று. ரப்பர் வந்த கதையோ இன்னும் சுவையுடையது: கலிபோர்னியாவிலே சார்ல்ஸ் ஷெர்வூட் என்னும் சுரங்கப் பொறியியலாளர், நீரிறைக்கும் பம்பொன்றின் தாங்கி தேய்ந்துபோய் வேறொன்றும் கிடையாத நிலையில், கைக்கு அகப்பட்ட ரப்பர்க் குழாய்த் துண்டொன்றை அவ்விடத்தில் செருகிப் பார்க்க, அது உலோகத்தைக் காட்டிலும் நெடுநாள் நின்றது. காரணம் பின்னரே விளங்கிற்று. நீரோடு வரும் மணல் உலோகத்தை அராவுகிறது. ரப்பரோ மணலுக்குச் சற்றே நெகிழ்ந்து கொடுத்து, அதனை உருட்டிப் பள்ளத்தில் தள்ளி, நீரோடு போக விட்டுவிடுகிறது.

மணல் கலங்கிய ஆழமில்லாத கடலால் பெரும்பாலும் சூழப்பட்ட யாழ்ப்பாணத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. சோழகம் வீசும் மாதங்களில் ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையிலே படகு செலுத்தினவர்கள், விசிறி நீரை மட்டும் தள்ளுவதில்லை, சேற்றையும் மணலையும் அறுந்துபோன வலைநூலையும் சேர்த்தே தள்ளுகிறது என்பதை அறிவார்கள். தண்டிலே சுற்றிய ஒரு முழ நைலோன் நூல் ஒரு புஷ்ஷின் ஆயுளை ஒரே நாளில் முடித்துவிடும் என்பதையும் அறிவார்கள்.

இப்படிப்பட்ட உறுப்பொன்றை மாற்றிவிட்டால் படகு அதே படகுதானா என்னும் வினா மேனாட்டுத் தத்துவ நூல்களிலே மிகப் பழையது. தெசேயு என்னும் வீரன் ஊர்ந்து வந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேணி, உளுத்த பலகையை நீக்கிப் புதுப்பலகை இட்டு வந்தார்கள் என்றும், அது பழைய கப்பலே என்பாரும் அன்று என்பாருமாகத் தத்துவ ஞானிகள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டார்கள் என்றும் புளூட்டார்க் எழுதி வைத்தார். கழித்துப்போட்ட பழம்பலகைகளை ஒருவன் பொறுக்கிச் சேர்த்து வேறொரு கப்பலாக்கினால் அப்போது எது தெசேயுவின் கப்பல் என்று 1655 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே தாமஸ் ஹாப்ஸ் அவ்வினாவைப் பின்னும் சிக்கலாக்கினார். வாதம் கூரியதே. ஆயினும் இவ்வாதத்தில் ஈடுபட்டவர்கள் பலகைகளையே எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது என் கருத்து. கப்பலிலே எல்லா உறுப்பும் ஒரே வகையின அல்ல. பலகை, நிலைத்திருக்க வேண்டும் என்னும் எண்ணத்தோடு வைக்கப்பட்டு, எண்ணத்துக்கு மாறாக உளுத்துப் போவது. புஷ்ஷோ, போகவேண்டும் என்னும் எண்ணத்தோடே வைக்கப்பட்டது. முன்னதன் அழிவு விபத்து. பின்னதன் அழிவு அதன் தொழில். அழிவதையே தொழிலாக உடைய ஒன்றை மாற்றுவதனால் முழுமைக்குக் குறைவு நேர்ந்ததா என்று கேட்பது, விளக்கிலே எண்ணெய் வார்த்ததனால் விளக்கு வேறாயிற்றா என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

பெயரும் உடலும் ஒன்றை விட்டு ஒன்று விலகிப்போவதற்கு நம் கடலிலேயே இரண்டு சாட்சிகள் உள்ளன. வல்வெட்டித்துறையிலே, வேம்பு முதலிய மரங்களைக் கொண்டு, வரைபடமின்றிக் கைக்கணக்கினாலேயே கப்பல் கட்டிய ஓடாவிமார் உருவாக்கிய அன்னபூரணி என்னும் 89 அடிப் பாய்க்கப்பலை, முன்னரே சிறு படகொன்றில் உலகைச் சுற்றி வந்தவரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டு, புளோரன்ஸ் சி. ராபின்சன் ஆக்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் சூயஸ் வழியாக மத்தியதரைக் கடல் கடந்து, அட்லாண்டிக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டிலே மாசாசூசெட்ஸ் மாகாணத்துக் குளோஸ்டர் துறையிற் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கப்பல் மாறவில்லை, பெயர் மாறிற்று. இங்கே இன்றளவும் அதனை அன்னபூரணி என்றே சொல்லுகிறார்கள். மற்றது குமுதினி. நெடுந்தீவுக்குச் செல்லும் அந்த அரசாங்கப் படகிலே 1985 மே 15 ஆந் தேதி நிகழ்ந்த படுகொலையைப் பற்றி இக்கட்டுரையிலே அதிகம் எழுத எனக்கு மனமில்லை. அப்படகு பின்னரும் பலமுறை கரையேற்றித் திருத்தப்பட்டு அதே பெயரோடு அதே கடலில் ஓடிற்று. அதில் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்று கணக்கிட்டு எவரும் ஏறவில்லை. உறவினரை அதிலே பறிகொடுத்தவர்களுக்கு அது அந்தப் படகே. அவர்களிடம் சென்று தெசேயுவின் வாதத்தை எடுத்துரைக்கத் துணிகின்றவன் தத்துவ ஞானியும் அல்லன், மனிதனும் அல்லன்.

இனி, மாற்றும் முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். தத்துவம் அதற்குள்ளேதான் இருக்கிறது. படகைக் கரையேற்றி, விசிறிக்கு அருகே தண்டைப் பற்றி மேலும் கீழுமாக ஆட்டிப் பார்க்க, ஓர் அங்குலத் தண்டு ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் ஆடுமாயின் காலம் வந்துவிட்டது என்பது பொதுவான கைக்கணக்கு. எஞ்சினுக்கும் தண்டுக்கும் உள்ள இணைப்பைக் கழற்றி, விசிறியை வாங்கி, சுக்கான் குறுக்கே நிற்குமானால் அதனையும் இறக்கி, தண்டை உருவியெடுக்கிறார்கள். பழைய புஷ் உப்பினாலும் பச்சைக் களிம்பினாலும் தன் கூட்டோடு ஒன்றிப்போயிருக்கும், தட்டினால் வராது. ஆகவே இரும்பறுக்கும் வாளின் அலகை உள்ளே விட்டுப் பித்தளை உறையை நெடுக அறுக்கிறார்கள். கைப்பக்குவம் முழுவதும் இவ்விடத்திலேதான் இருக்கிறது: அலகு உறையை அறுத்து முடிக்கவேண்டும், அதனைச் சூழ்ந்த கூட்டைத் தீண்டலாகாது. போகவேண்டியது போகவும் இருக்கவேண்டியது வடுப்படாதிருக்கவும் அறுக்கத் தெரிந்த கைகள் எந்தப் பட்டறையிலும் ஒன்றிரண்டே. உறை பிளந்தவுடன் சுருங்கி எளிதாக வெளியே வந்துவிடும். புதியதைப் பனிக்கட்டியில் வைத்துச் சுருங்கச் செய்து நுழைப்பதும் உண்டு. ரப்பருக்கு எண்ணெயும் கிறீசும் ஆகா. உள்ளே தண்டை விடுவதற்குச் சவர்க்கார நீர் போதும், அதன்பின் கடலே அதற்குத் தைலம். நீரின்றிச் சுழல விட்டாலோ சில நிமிடங்களில் கருகிப்போகும். இவ்வளவும் செய்துவிட்டு, எஞ்சின் தண்டோடு நேர்கோட்டில் நிற்கிறதா என்று பாராமல் விட்டவன் செய்ததெல்லாம் வீண். இணைப்புத் தட்டுகளின் இடைவெளி, தட்டின் விட்டத்தில் அங்குலத்துக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடலாகாது என்பது விதி. பெரும்பாலான புஷ்கள் தம் குற்றத்தினால் தேய்வதில்லை. எங்கோ உள்ளே இருக்கும் எஞ்சினின் கோணலையே தாம் தேய்ந்து வெளிக்காட்டுகின்றன.

சைவ ஆலயத்தோடு பழகியவர் எவரும் இவ்வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கும்பாபிஷேகக் கிரியைகளை நினையாதிருக்க முடியாது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆலயத்தைப் புதுக்கவேண்டும் என்னும் மரபுக்கு மூலகாரணம் கோபுரத்தின் வர்ணம் மங்குவதன்று. மூலமூர்த்திக்கும் அதன் பீடத்துக்கும் இடையிலே இடப்பட்ட அட்டபந்தனம் தன் இளக்கத்தை இழந்து, வறண்டு வெடித்து, அபிஷேக நீர் உள்ளே இறங்கத் தலைப்படுவதே. கொம்பரக்கு, சுக்கான்கல், குங்குலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டினையும் சேர்த்து இடித்து, மெழுகுபோல் ஆக்கி இடும் மருந்து அது. கருங்கல் விக்கிரகத்துக்கும் கருங்கற் பீடத்துக்கும் நடுவே மெழுகையும் வெண்ணெயையும் வைத்த சிற்பிகள், ஜான் பென்னுக்குப் பல நூற்றாண்டு முன்னமே அவர் கண்டதைக் கண்டிருந்தார்கள் என்று பெருமை பேச நான் முற்படவில்லை. அப்படிப் பேசுவது இக்காலத்திலே மிக மலிந்துவிட்டது. விக்கிரகம் சுழல்வதில்லை, தண்டு சுழல்கிறது, வேறுபாடு பெரிது. ஆயினும் இரண்டு வன்பொருள்கள் நெடுங்காலம் சேர்ந்திருக்க வேண்டுமாயின் இடையிலே ஒரு மென்பொருள் இருந்து தன்னை இழந்துகொண்டிருக்கவேண்டும் என்னும் அறிவு இரு தொழிலுக்கும் பொது. இந்த எட்டில் ஒன்றாகிய குங்குலியம் மரக்கலங்களின் பலகைச் சந்துகளை அடைக்கும் கலபத்து வேலையிலும் பயின்று வந்த பொருள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுவது பழைய பந்தனத்தை நீக்குமுன் செய்யப்படும் கிரியை. கலாகர்ஷணம் என்று பெயர். மூர்த்தியிலே விளங்கும் சாந்நித்தியத்தைக் கும்ப நீரிலே வாங்கி, தற்காலிக இடமொன்றிலே பாலஸ்தாபனம் செய்து, திருப்பணி முடியுமட்டும் அங்கே பூசை நடத்துவார்கள். அந்நாட்களில் கர்ப்பக்கிருகத்திலே இருப்பது கல். சிற்பி உளியோடு அதனை அணுகலாம். முடிந்தபின், ஊரவர் வரிசையில் நின்று எண்ணெய்க்காப்புச் சாத்த, சாந்நித்தியம் மீண்டும் அதே கல்லில் நிலைபெறும். ஆகமங்கள் இதனைப் புனராவர்த்தம் என்று பகுத்துக் கூறும். புதிதாகப் பிரதிஷ்டை செய்வதாகிய ஆவர்த்தத்தோடு அதனைக் கலக்கா. ஆகவே தெசேயுவின் கப்பலைப் பற்றிய வினாவுக்கு ஆகம வித்தகர் ஒருவரின் விடை எளிது: பொருளின் ஒருமை பொருளின் துண்டுகளில் இல்லை, அதனை அதிட்டித்து நிற்பதில் இருக்கிறது, ஆகையினால் துண்டுகளை அச்சமின்றி மாற்றலாம், ஆனால் மாற்றும் காலத்தில் அதிட்டிப்பதற்கு வேறோர் இடம் அமைத்துக் கொடுத்துவிட்டு மாற்றவேண்டும். போர்க்காலத்திலே சிதைந்து நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்து, பின்னர் மீளவும் கும்பாபிஷேகம் கண்ட கீரிமலை நகுலேஸ்வரத்தை எவரும் புதுக்கோயில் என்று சொல்லவில்லை.

சைவ சித்தாந்தம் இதற்கு மேலும் ஒருபடி செல்லுகிறது. ஆன்மாவுக்கு இறைவன் தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் மாயையிலிருந்து தோற்றுவித்துக் கொடுக்கிறான். கொடுப்பது ஆன்மா இவற்றிலே குடியிருந்து மகிழ்வதற்காக அன்று. அநாதியே பற்றிய ஆணவ மலம் பரிபாகப்படுவதற்கும், வினை அனுபவித்துக் கழிவதற்கும் இவை கருவி. மாயையும் ஒரு மலமே ஆகலின், மலத்தை மலத்தால் நீக்குவது எங்ஙனம் என்று கேட்பாருக்கு, வண்ணான் துணியின் அழுக்கைப் போக்க உவர்மண்ணையும் சாணத்தையும் அதன்மேல் ஏற்றுகிறான் என்று ஆசிரியர்கள் விடை கூறினார்கள். அந்த உவமையின் நயத்தை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆயினும் உவர்மண்ணும் அழுக்கும் ஒருங்கே கழுவுண்டு போகின்றன. எது எதனைக் காத்தது என்பது அதிலே தெளிவாகத் தோன்றுவதில்லை. கடற்கரையிலே வாழ்ந்த சித்தாந்தி ஒருவர் புஷ்ஷைக் கண்டிருப்பாராயின், உடம்பின் இயல்பை அதில் வைத்துக் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். வினையின் வேகத்தால் சுழலும் உயிருக்கும், அது சுழல்வதற்கு இடமாய் அசையாது நிற்கும் உலக நியதிக்கும் இடையில், இரண்டினும் மெல்லியதாய், இரண்டின் உரசலையும் தன் மேல் ஏற்றுத் தேய்வதற்கென்றே உடம்பு வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மூப்பும் பிணியும் உடம்பு தன் கடமையில் தவறியதன் அடையாளம் அல்ல, கடமையைச் செய்ததன் அடையாளம். உடம்பை இழிவென்று தள்ளும் துறவியும், அதனையே தானென்று தழுவும் போகியும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். ஒருவன் புஷ் எதற்கென்று வினவி அதனைக் கழற்றி எறிகிறான், மற்றவன் புஷ் தேயலாகாது என்று படகையே கரையில் நிறுத்தி வைக்கிறான். உடம்பினை இகழ்ந்திருந்த தாம் பின்னர் அதனுள் இருக்கும் உறுபொருளைக் கண்டு அதனைப் பேணலானதாகத் திருமூலர் சொல்வதன் கருத்தும் இதுவே.

இங்கே பௌத்தரின் ஆட்சேபம் ஒன்று உண்டு. அதனைக் கேளாமல் அப்பாற் செல்வது நேர்மையன்று. நாகசேனர் என்னும் பிக்கு மிலிந்தனாகிய அரசனிடம், நீ ஏறி வந்த தேர் சக்கரமா, அச்சா, நுகமா என்று ஒவ்வொன்றாக வினவி, ஒன்றும் அன்று என்று அவன் வாயாலேயே சொல்லுவித்து, உறுப்புக்களுக்கு வேறாகத் தேர் என்பதொன்று இல்லை, அதுபோலவே ஆன்மா என்பதும் இல்லை என்று நிறுவினார். அம்முறையிற் பார்த்தால் தேய்வது புஷ் மாத்திரம் அன்று; தண்டும் தேய்கிறது, கூடும் தேய்கிறது, வேகத்திலே தாரதம்மியம் இருப்பதனால் ஒன்றை நிலைபேறுடையதென்றும் மற்றொன்றை அழிவதென்றும் நாம் மயங்குகிறோம். உண்மை, தேய்ந்த புஷ்ஷை மாற்றாது ஓட்டினால் தண்டிலும் பள்ளம் விழும். சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலே அருணந்தி சிவாசாரியார் பௌத்த சமயங்கள் நான்கனையும் தனித்தனியே எடுத்து மறுக்கும்போது, கணந்தோறும் யாவும் அழியுமாயின் வினை செய்தவன் ஒருவன், பயன் நுகர்பவன் ஒருவன் ஆவானே என்று தடை எழுப்புகிறார். எழுநூறு ஆண்டாக இவ்வழக்குத் தீரவில்லை. என்னால் தீரும் என்று நான் எண்ணவும் இல்லை. ஆனால் இவ்வழக்கின் இரு கட்சியாரும் நயினாதீவு செல்ல, நாள்தோறும் குறிகட்டுவான் இறங்குதுறையிலே ஒரே படகில் ஏறுகிறார்கள். மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் என்று அறிஞர் பலர் கொள்ளும் நயினாதீவிலே, நாகபூஷணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் ஒரே கரையில் இருக்கின்றன. அத்தீவில் நாகவேந்தர் இருவர் ஓர் ஆசனத்துக்காகப் போர் தொடுத்தனர் என்றும், புத்தர் தோன்றி அதனைத் தணித்தார் என்றும் காப்பியமும் மகாவம்சமும் தத்தம் முறையிற் கூறுகின்றன. ஆன்மா உண்டென்பாரையும் இல்லையென்பாரையும் ஏற்றிச் செல்லும் படகின் தண்டு, எவர் கொள்கையையும் வினவாமல், நீரால் நனைந்த ஒரு ரப்பர்த் துண்டின் மேல் சுழன்றுகொண்டிருக்கிறது. இது சமரசத்துக்கு ஓர் உபதேசம் என்று கொள்ளவேண்டாம். கரை சேர்ந்ததும் ஒருவர் ஒருபுறமும் மற்றவர் மறுபுறமுமாகப் பிரிந்தே நடக்கிறார்கள்.

என் மனத்தை உண்மையில் உறுத்துவது பௌத்தரின் தடையன்று, வேறொன்று. பெரியதைக் காப்பதற்குச் சிறியது தேயவேண்டும் என்னும் இக்கருத்தை ஒருவன் சமூகத்தின் மேல் ஏற்றினால் என்னவாகும்? ஏற்றினார்கள். கிணறு வெட்டினவர்களும், மரமேறினவர்களும், வேலி அடைத்தவர்களும் பிறருக்காகத் தேய்வதற்கென்றே வினைவசத்தால் பிறந்தவர்கள் என்று சொல்லி, அவர்கள் உழைப்பினால் செழித்த ஊரிலே அவர்களையே ஆலய வாயிலுக்கு வெளியே நிறுத்தினோம். 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலிலே தாழ்த்தப்பட்டோர் உள்ளே சென்று வழிபட உரிமை வேண்டிச் சத்தியாக்கிரகம் இருந்தபோது, சைவ நூல்களை நன்கு கற்றவர்கள் சிலரும் அவர்களுக்கு எதிர்ப்பக்கத்திலே நின்றார்கள் என்பது யாழ்ப்பாணத்துச் சைவத்தின் வரலாற்றிலிருந்து அழிக்கக்கூடிய செய்தியன்று. அவர்கள் நூலைக் கற்றார்களே தவிர, நூல் சித்துக்கும் சடத்துக்கும் இடையே கிழித்த கோட்டைக் காணவில்லை. உயிருக்காகத் தேய்வதற்கென்று சித்தாந்தம் வகுத்தது மாயையின் காரியமாகிய தநு கரணங்களை, அவை சடம். உயிர்களோ எண்ணில்லாதன, ஒவ்வொன்றும் அநாதி, ஒவ்வொன்றும் சித்து, ஒவ்வொன்றும் சிவத்தை அடைவதற்கு உரியது. ஓர் உயிரை மற்றோர் உயிருக்குப் புஷ்ஷாக வைக்கலாம் என்பதற்குப் இறை, உயிர், தளை ஆகிய பதி பசு பாசம் என்னும் முப்பொருளின் பகுப்பிலே இடமே இல்லை. அப்படி வைப்பவன் பசுவைப் பாசமென்று மாறிக் கணக்கிட்டவன். தானே மனமுவந்து பிறர்க்காகத் தேய்பவனைத் தொண்டன் என்று வணங்கலாம். பிறனைத் தேய வைத்துவிட்டு அதற்குத் தொண்டு என்று பெயரிடுவது வேறு.

பாய்ப்படகுக்கே உரிய ஒரு நிலையைப் பற்றியும் சொல்லவேண்டும். நல்ல காற்று வாய்த்து, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயினால் ஓடும்போது, கியரை நடுவில் விட்டிருந்தால், படகின் ஓட்டத்தினால் எதிர்ப்படும் நீர் விசிறியைத் தானே சுழற்றுகிறது. எஞ்சின் ஓய்ந்துவிட்டது, எரிபொருள் செலவில்லை, செலுத்துவோனுக்கு அந்தத் தண்டினால் ஆவதொன்றும் இல்லை, ஆயினும் தண்டு சுழல்கிறது, புஷ் தேய்கிறது. இரவிலே காற்றின் ஒலியினூடே இந்த முனகல் கேட்டுக்கொண்டிருக்கும். சிலர் கியரைப் பின்னோட்டத்திலே போட்டுத் தண்டைப் பூட்டிவிடுவார்கள். சில எஞ்சின்களுக்கு அது ஆகும், சிலவற்றுக்கு ஆகாது. உடம்போடிருக்கும்போதே முத்தி எய்திய சீவன்முத்தரைப் பற்றி நூல்கள் பேசும்போது எழும் கடினமான வினாவும் இத்தகையதே. பழவினைத் தொகுதியாகிய சஞ்சிதம் ஞானத்தால் வெந்தது, புதிதாய் ஈட்டும் ஆகாமியம் ஏறுவதில்லை. எனின் இப்பிறவியில் நுகர்தற்குரிய பிராரத்தம் மட்டும் ஏன் உடம்போடு நின்று ஊட்டவேண்டும்? வினை ஓய்ந்தவர்க்கு உடம்பு ஏன் இன்னும் தேயவேண்டும்? எடுத்த உடம்பு உள்ளளவும் பிராரத்தம் ஊட்டியே தீரும் என்பதே விடை. எஞ்சின் நின்றபின்னும், ஓடுகிற படகின் அடியிலே நீர் நின்றுவிடுவதில்லை அல்லவா?

அந்த நிலையில் உள்ளவர் செய்யத்தக்கது என்ன என்பதை மெய்கண்டார் சிவஞானபோதத்தின் கடைசியாகிய பன்னிரண்டாம் சூத்திரத்திலே விதிக்கிறார். சுழற்சியைப் பூட்டி வைத்துவிட்டுச் சும்மா இருக்கும்படி அவர் சொல்லவில்லை. மலத்தைக் களைந்து, அன்பரோடு கூடி, அடியாரின் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு தொழும்படி சொல்லுகிறார். ஆகவே எல்லாம் கடந்த முத்தருக்கும் ஆலயம் வேண்டியிருக்கிறது. ஆலயத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அட்டபந்தனம் இடிக்கவேண்டியிருக்கிறது. அவர் தொழ விரும்பும் ஆலயம் நயினாதீவில் இருக்குமாயின், அவரும் குறிகட்டுவானிலே மற்றப் பிரயாணிகளோடு வரிசையில் நிற்கத்தான் வேண்டும், படகு புஷ் மாற்றுவதற்காகக் கரையேறியிருந்தால் அடுத்த படகு வரும்வரையில்.